நாரிப்பிடிப்பு: வீட்டிலே செய்யத்தக்கனவும் வைத்தியரை நாடவேண்டிய வேளையும்

நாற்று நடும்போதோ, களை பிடுங்கும்போதோ, உரப்பையொன்றைத் தூக்கி வண்டிலில் ஏற்றும்போதோ, திடீரென நாரியிலே நோவு தோன்றி, நிமிரவும் குனியவும் இயலாதவாறு கமக்காரரை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுவதுண்டு. இதனை யாழ்ப்பாணத்தார் நாரிப்பிடிப்பு என்பர். பிறவிடங்களில் இடுப்புப்பிடிப்பு என்றும் முதுகுப்பிடிப்பு என்றும் வழங்குவர். பெயர் எதுவாயினும் நோய் ஒன்றே.

பயிர்களைத் தாக்கும் பீடைகளையும் நோய்களையும் பற்றிக் கூறும் இத்துண்டுப்பிரசுர வரிசையிலே கமக்காரரின் நாரிக்கு இடம் எங்ஙனம் வந்ததென்று சிலர் வினவக்கூடும். கதிர் முற்றிய வயல் உரியவரின் நாரி சுகமாகும்வரை காத்திராது. மாசி, பங்குனி மாதங்களிலே அருவி வெட்டு நடக்கும் வேளையில் ஒருவர் பத்து நாள் பாயிற் கிடந்தால், மணி உதிர்ந்தும் மழையில் நனைந்தும் போகும் நெல்லின் பெறுமதி சிறிதன்று. வெங்காயம் நடும் காலத்திலும் அவ்வாறே. கூலிக்கு ஆள் தேடினால் கிடைப்பதும் அரிது. கிடைப்பின் அன்றைய வரவு முழுவதும் அவர் கைக்கே சென்றுவிடும். ஆதலின், பத்து நாளிற் சுகமாகவேண்டிய நோவை இரண்டு மாத நோவாக்கிக்கொள்ளாதிருக்கும் வழியை அறிந்திருத்தல் விதைநெல்லைத் தெரிவுசெய்ய அறிந்திருப்பதைப் போன்றே பயனுடையதாகும்.

நோவு உண்டாகும் விதம்

நாரிப் பகுதியில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வோர் என்பிற்கும் இடையே இறப்பரைப் போன்று அமுங்கி மீளும் தன்மையுடைய ஒரு வட்டத்தட்டு உண்டு. இவற்றைச் சுற்றிலும் தசைகளும் நார்களும் பிணைந்து நிற்கின்றன. திடீரென வரும் நாரிப்பிடிப்பிற் பெரும்பாலும் இத்தசையோ நாரோ மூட்டோ சிறிது இழுபட்டு, அயலிலுள்ள தசைகளெல்லாம் அதனைக் காப்பதற்கென இறுகிவிடுகின்றன. நோவின் கடுமை இவ்விறுக்கத்தாலேயே மிகுகின்றது. நோவு பெரிதாயிருப்பதனாற் சேதமும் பெரிதென்று எண்ணுதல் தவறு. முள்ளந்தண்டு "விலகிவிட்டது" என்று அயலவர் கூறுவதும் பெரும்பாலும் உண்மையன்று.

இதன் கணக்கைத் துலாவைக்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எமது முன்னோர் கிணற்றிலே துலா மிதித்தபோது, ஆடுகாலுக்கு அண்மையில் நிற்பவரின் பாரத்திற்கும் நுனியில் நிற்பவரின் பாரத்திற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். நாரியும் ஒரு துலாவே. முள்ளந்தண்டு அதன் ஆடுகால். முதுகுத் தசை அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சதமமீற்றர் தூரத்திலே நின்று இழுக்கின்றது. 20 கிலோகிராம் கத்தரிக்காய் நிறைந்த கூடையொன்றை முள்ளந்தண்டிலிருந்து 40 சதமமீற்றர் முன்னால் ஏந்தினால், அதனைச் சமன்செய்வதற்குத் தசை 160 கிலோகிராம் பாரத்தைத் தூக்கும் விசையுடன் இழுக்கவேண்டியிருக்கும். அதே கூடையை வயிற்றோடு அணைத்து 20 சதமமீற்றருக்குக் கொண்டுவந்தால் 80 கிலோகிராமே போதும். குனிந்திருக்கும்போது உடலின் மேற்பாதியின் பாரமும் இக்கணக்கிற் சேரும். கையில் ஒன்றுமில்லாமல் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கு நாரி நோவதன் காரணம் இதுவே. சுவீடன் நாட்டு வைத்தியர் நக்கெம்சன் 1960 களிலே உயிருள்ள மனிதரின் வட்டத்தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரே அளந்தபோது, படுத்திருக்கையிற் குறைந்தும் குனிந்து சுமை தாங்குகையிற் பெரிதும் உயர்ந்தும் இருக்கக் கண்டார்.

விடியற்காலையைப் பற்றியும் ஒரு சொற் கூறவேண்டும். இரவிற் படுத்திருக்கும்போது வட்டத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் எழும்போது ஒருவரின் உயரம் மாலையிலும் பார்க்க ஏறத்தாழ 1 சதமமீற்றர் அல்லது அதற்கு மேற் கூடியிருப்பது இதனாலேயாம். பருத்த தட்டு குனியும்போது கூடிய இழுவைக்கு உட்படும். எழுந்தவுடன் பாரம் தூக்கி நாரியைப் பிடித்துக்கொள்வோர் பலராயிருப்பதில் வியப்பில்லை.

முதல் நாள்

நோவு பிடித்த கணத்திலே செய்யும் வேலையை நிறுத்துக. "இந்த ஒரு வரிசையை முடித்துவிட்டுப் போகலாம்" என்று தொடர்வதனால் இறுக்கம் அதிகரிக்கும். இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டு, கைகளாலேயே உடலை நிமிர்த்துக. நிமிர இயலாவிடின் வரம்பிலே பக்கவாட்டிற் சாய்ந்து படுத்து, சிறிது நேரம் பொறுத்திருந்து, பின்னர் ஒருவரின் தோளைப் பற்றி நடந்து வீட்டிற்குச் செல்க. ஈருருளியின் பின்னாசனத்திலே குண்டும் குழியுமான வயற்பாதையில் ஏற்றிச் செல்லுதல் நன்றன்று.

வீட்டில் இரு கிடைகள் சுகந்தரும். ஒன்று, மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களைக் கதிரையின் மேலோ தலையணைகள் அடுக்கியதன் மேலோ வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கும்படி கிடத்தல். மற்றையது, பக்கவாட்டிற் படுத்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, அவற்றிற்கிடையே ஒரு தலையணையைச் செருகுதல். வெறுந்தரையிற் கிடப்பதே நாரிக்கு மருந்தென்று பலர் நம்புகின்றனர். அதற்கு ஆதாரமில்லை. பாயின்மேல் மடித்த போர்வையொன்றை விரித்துக் கொள்வதால் எவ்விதத் தீங்கும் நேராது. எழும்போது நேரே நிமிராது, முதலிற் பக்கமாகப் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுக. இருமலோ தும்மலோ வருமாயின் சுவரையோ மேசையையோ ஒரு கையாற் பற்றிக்கொள்க. குந்தியிருக்கும் மலசலகூடம் இந்நாட்களிற் பெருந்துன்பமாகும். நடுவிலே துளையிட்ட பழைய கதிரையொன்றை அதன்மேல் வைத்துக் கொள்ளலாம். மலச்சிக்கல் நோவைக் கூட்டுமாதலாற் கீரையும் பழமும் நீரும் தாராளமாக உட்கொள்ளுதல் நன்று.

ஒத்தடம்

சூடு இறுகிய தசையைத் தளர்த்தும். சில நாட்களுக்கேனும் அது நோவைத் தணிக்குமென ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. இதற்குக் கடையில் ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. கல்லுப்பை ஓட்டிலே வறுத்துத் தடித்த துணியிற் பொட்டலமாகக் கட்டலாம். நெல்லு வீட்டிற் கிடைப்பதாகையாற் கமக்காரருக்குத் தவிடு இன்னும் வசதியானது. தவிட்டைப் பொன்னிறமாகாதபடி மிதமாக வறுத்துப் பழைய தலையணை உறையில் இட்டுக் கட்டினால், உப்பிலும் பார்க்க மென்மையாக நாரியின் வளைவிற் படிந்து நிற்கும். நொச்சியிலையைச் சேர்ப்போர் சேர்க்கலாம். சுகந்தருவது முக்கியமாகச் சூடே.

பொட்டலத்தை முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே பொறுக்கத்தக்க சூடே நாரிக்கும் உகந்தது. ஒருமுறைக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடமாக நாளில் மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவு நோயால் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் வயோதிபருக்கும் வேறொருவர் சூட்டைப் பரீட்சித்துக் கொடுத்தல் வேண்டும். தைலமோ களிம்போ பூசியவுடன் அதன்மேற் சூடான ஒத்தடம் கொடுக்கலாகாது. தோல் வெந்து கொப்புளிக்கும். தைலம் பூச விரும்புவோர் ஒத்தடம் கொடுத்துச் சிறிது நேரம் கழிந்தபின் பூசுக. தைலத்தின் எரிவு நோவை மறக்கச் செய்யுமேயன்றி உட்சென்று எதனையும் சுகப்படுத்துவதில்லை.

எண்ணெய் பூசி உள்ளங்கையால் மெல்லத் தடவுதல் தீங்கற்றது. வேண்டியவரின் கை படுவதே ஓர் ஆறுதலாகும். ஆனால், நாரியின்மேற் சிறுபிள்ளையை ஏறி மிதிக்கச் செய்வதும், இருவர் காலையும் கையையும் பற்றி இழுப்பதும், "விலகிய எலும்பை" ஒரே வெட்டில் ஏற்றிவிடுவதாகக் கூறுவோரிடம் முதுகைக் கொடுப்பதும் ஆபத்தானவை. வட்டத்தட்டு உண்மையாகவே பிதுங்கியிருக்குமாயின் அவ்வெட்டினாலே காலுக்குச் செல்லும் நரம்பு நசியக்கூடும். வயோதிபரிடத்தில் என்பு நொறுங்கலாம்.

படுக்கையிற் கிடத்தல்

நாரி பிடித்தால் ஒரு கிழமை அசையாது படுத்திருக்கவேண்டுமென்பது முற்காலத்து வைத்தியரின் கட்டளையாயிருந்தது. எமது பெற்றோர் அவ்வாறே செய்தனர். அக்கால வைத்திய நூல்களும் அதனையே கூறின. அக்கொள்கை இப்பொழுது கைவிடப்பட்டுள்ளது. 1995 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பின்லாந்து ஆராய்ச்சியொன்றில், நாரி பிடித்த தொழிலாளர் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார் இரண்டு நாட் படுக்கையிற் கிடந்தனர். மற்றொரு கூட்டத்தார் குறித்த தேகாப்பியாசங்களைச் செய்தனர். மூன்றாம் கூட்டத்தார் நோவு இடங்கொடுக்குமளவிற்குத் தமது நாளாந்தக் கருமங்களை நடாத்தினர். மூன்றாம் கூட்டத்தாரே விரைவிற் சுகமடைந்தனர். படுக்கையிற் கிடந்தோர் மிகவும் பிந்தினர்.

ஆகவே, முதலாம் நாளிலே தேவையான நேரம் படுத்திருப்பதிற் குற்றமில்லை. ஆயினும் விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் எழுந்து முற்றத்திலே சில நிமிடம் நடக்கவேண்டும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் நடையைக் கூட்டிக் கிடையைக் குறைக்க. நடக்கும்போது சிறிது நோவுண்டாவது சேதத்தின் அறிகுறியன்று. நெடுநேரம் இருத்தல் நிற்பதிலும் நடப்பதிலும் பார்க்கத் துன்பந் தருமாதலால், அரைமணித்தியாலத்திற்கு மேல் ஒரே இருப்பாக இருத்தல் வேண்டா.

கடுமை தணிந்தபின் பாயிற் படுத்தபடியே சில அசைவுகளைச் செய்யலாம். மல்லாந்து முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்து வலமும் இடமுமாக மெல்லச் சாய்த்தல் ஒன்று. ஒரு முழங்காலை இரு கைகளாலும் பற்றி மார்பை நோக்கி இழுத்து விடுதல் வேறொன்று. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மாத்திரம் சிறிது உயர்த்தியிருத்தல் சிலருக்கு மிகுந்த சுகந்தரும். இவற்றிற்கு ஒரு விதி உண்டு: அசைவினால் நோவு காலிலிருந்து மேலேறி நாரியில் ஒடுங்குமாயின் அவ்வசைவு ஏற்றது, நாரியிலிருந்து தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்குமாயின் அதனை உடனே நிறுத்துக.

இவ்வாறு நடந்துகொண்டால் பெரும்பாலோருக்கு இரண்டு கிழமைக்குள் நோவு நன்கு தணியும். ஆறு கிழமைக்குள் ஏறக்குறைய முற்றாக நீங்கும். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கவேண்டுமென்று வற்புறுத்தி வைத்தியசாலையில் நாள் முழுவதும் வரிசையில் நிற்பதாற் பயனில்லை. தசையின் இழுவை அப்படத்திலே தெரியாது. நுணுக்கமான காந்தப் படத்திலே வட்டத்தட்டுப் பிதுக்கம் தெரிந்தாலும் அதுவே நோவுக்குக் காரணமென்று சொல்ல முடியாது. எவ்வித நோவுமற்ற நாற்பது வயதினருள் ஏறத்தாழ அரைவாசிப்பேருக்கு அத்தகைய பிதுக்கம் உண்டு.

குளிசைகள்

இவ்விடயத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கின்றது. அருவி வெட்டுக் காலத்திலே கிராமத்து மருந்துக்கடைகளிற் சிறு கடதாசிப் பொட்டலங்களில் மூன்று நான்கு நிறக் குளிசைகளைக் கலந்து "உடம்பு நோவுக்கு" என்று விற்பதைக் கண்டிருப்பீர்கள். காலையில் ஒன்றை விழுங்கிவிட்டு வெயிலில் இறங்கி வேலைசெய்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அப்பொட்டலத்தில் இருப்பன பெரும்பாலும் டைக்குளோபினாக், ஐபுபுறுபன் முதலிய வகையைச் சேர்ந்தவை. சிலவேளை ஸ்ரிரோயிட்டும் சேர்ந்திருக்கும். நோவு தணிவது உண்மையே. அதற்குக் கொடுக்கும் விலையை விற்பவர் கூறுவதில்லை.

இவ்வகைக் குளிசைகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் குறைக்கின்றன. உடலில் நீர் போதியளவு உள்ளவர் சில நாட்களுக்கு வைத்தியரின் சொற்படி உட்கொண்டாற் பெரும்பாலும் தீங்கில்லை. வெயிலில் வேர்த்து உடல் வரண்டிருக்கும் கமக்காரர் நாள்தோறும் உட்கொண்டால் சிறுநீரகம் கெடும். வட மத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து கமக்காரரை வருத்திவரும் நாட்பட்ட சிறுநீரக நோயின் மூலகாரணம் எதுவாயினும், அந்நோய் தொடங்கியவர்களுக்கு இக்குளிசைகள் மேலும் கேடு விளைவிப்பன என்பதில் ஐயமில்லை. அந்நோய் ஆரம்பத்தில் எவ்வித உபாதையையும் காட்டாதாதலால், தமக்கு அது இல்லையென்று ஒருவர் தாமே தீர்மானிக்கவும் முடியாது. வயிற்றுப்புண், உயர் இரத்த அமுக்கம், இருதய நோய், நீரிழிவு ஆகியன உள்ளவர்களும் கருப்பிணிகளும் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடுதலாகாது.

பரசிற்றமோல் இவற்றிலும் பார்க்க ஆபத்துக் குறைந்தது. வளர்ந்தோர் 500 மில்லிகிராம் குளிசையில் இரண்டை ஆறு மணித்தியாலத்திற்கு ஒருமுறை உட்கொள்ளலாம். ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேற் செல்லவே கூடாது. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் மது அருந்துவோருக்கும் இவ்வளவும் அதிகமாகும். அது நாரியைச் சுகப்படுத்தும் என்றும் எதிர்பார்க்கவேண்டா. 2014 ஆம் ஆண்டு வெளியான அவுஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றில் பரசிற்றமோல் உட்கொண்டோரும் மருந்தற்ற வெறுங்குளிசை உட்கொண்டோரும் ஏறத்தாழ ஒரே காலத்திலேயே சுகமடைந்தனர். ஒத்தடமும் நடையும் செலவற்றவை. அவற்றையே முதலிற் கைக்கொள்க.

நாரிப்பிடிப்பல்லாத நாரி நோவு

இப்பகுதியை வீட்டிலுள்ள யாவருக்கும் வாசித்துக் காட்டுதல் நன்று. நாரி நோவுடன் காய்ச்சலும் சேருமாயின் அதனை நாரிப்பிடிப்பென்று கருதுதல் பேராபத்தாகும். சேற்றில் இறங்குவோருக்கு வரும் எலிக்காய்ச்சல் இவ்வாறே தொடங்குகின்றது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரிலுள்ள கிருமி வயல்நீரிற் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு ஆகியவற்றின் வழியாகவும், நெடுநேரம் நீரில் ஊறிய தோலின் வழியாகவும் உடலிற் புகும். பெரும்பாலும் ஐந்து தொடக்கம் பதினான்கு நாட்களுக்குள், சிலவேளை அதற்குப் பிந்தியும், திடீர்க் காய்ச்சலும் தலையிடியும் உடல் நோவும் காணும். நோவு முக்கியமாகக் கெண்டைக்காலிலும் நாரியிலும் நிற்கும். கெண்டைக்காலை அமுக்கினால் நோயாளி அலறுவார். கண்கள் சிவக்கும். பின்னர் சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும். அந்நிலைக்கு வந்தபின் உயிரைக் காப்பது கடினம்.

இலங்கையில் 2008 ஆம் ஆண்டில் 7000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு உள்ளானதாகச் சந்தேகிக்கப்பட்டனர். 2024 டிசெம்பரில் வெள்ளத்திற்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பரவி உயிர்களைக் கவர்ந்த காய்ச்சலும் எலிக்காய்ச்சலே. எனது பிரிவிலே ஒரு கமக்காரர் வாய்க்கால் துப்புரவு செய்து ஒரு கிழமையின்பின் நாரி நோவென்று படுத்தார். மண்வெட்டி பிடித்த நோவென்றே வீட்டார் எண்ணி ஒத்தடம் கொடுத்தனர். மூன்றாம் நாள் அவருடைய மனைவி, "இவருக்கு நாரியைவிடக் காலல்லவா கூட நோகிறது" என்று கூறி, உடம்பைத் தொட்டுப் பார்த்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். அவர் பிழைத்தார். சேற்றில் இறங்கிய செய்தியை அப்பெண்மணி வைத்தியரிடம் மறவாது கூறியதும் அதற்குக் காரணமாகும். காய்ச்சல் எதுவாயிருப்பினும், "நான் வயலில் வேலைசெய்பவன்" என்பதை முதல் வார்த்தையாகக் கூறுக. காய்ச்சலுள்ள வேளையில் முன்னர் கூறிய டைக்குளோபினாக் வகைக் குளிசைகளை அறவே நீக்குக. காய்ச்சல் டெங்குவாயிருப்பின் அவை இரத்தப்பெருக்கை உண்டாக்கும். எலிக்காய்ச்சலாயிருப்பின் ஏற்கெனவே தாக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் தாக்கும்.

எலிக்காய்ச்சல் மிகுந்த இடங்களிற் சேற்று வேலைக்கு முன்னர் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைக் கிழமைக்கொருமுறை சுகாதாரப் பகுதியார் வழங்குவர். போகம் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு அது உங்களுக்குத் தேவையோ, ஏற்றதோ என விசாரித்துக்கொள்க.

வேறு சில குறிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். இரு கால்களுக்கிடையே, ஆசனவாயைச் சுற்றியும் மறைவிடத்திலும், மரத்துப்போதல். சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது தானாகக் கழிதல். காற்பாதம் தொங்குதல் அல்லது இரு கால்களும் பலமிழத்தல்: இவற்றில் ஒன்று காணினும் அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்க. நரம்புக்கற்றை நசிந்திருக்குமாயிற் சில மணித்தியாலத் தாமதமே நிரந்தர ஊனத்திற்குக் காரணமாகலாம். 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியிற் கூறினால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கும் கவட்டுக்கும் விட்டு விட்டுப் பாய்ந்து, எவ்விதமாகக் கிடந்தாலும் தணியாத நோவு சிறுநீரகக் கல்லாயிருக்கலாம். மரத்திலிருந்தோ உழவு இயந்திரத்திலிருந்தோ விழுந்தபின் வரும் நோவு, வயோதிபருக்குச் சிறு அசைவாலே திடீரென வரும் நோவு, முன்னர் புற்றுநோய் கண்டவருக்கு வரும் நோவு, இரவில் மிகுந்து உடலையும் மெலியச் செய்யும் நோவு ஆகியவற்றையும் வைத்தியரே பார்க்கவேண்டும். கடைசியிற் கூறியது முள்ளந்தண்டிற் பற்றிய கசநோயாகவும் இருக்கக்கூடும். நோவு நாரியிலிருந்து ஒரு காலின் வழியே பாதம்வரை மின்னலெனப் பாய்வது நரம்பு உறுத்தப்படுவதன் குறி. பலமும் உணர்ச்சியும் குறையாதிருப்பின் அதுவும் பெரும்பாலும் தானே தணியும், ஆனாற் காலம் கூட எடுக்கும்.

மீண்டும் வயலுக்கு

நோவு முற்றாக நீங்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நிமிர்ந்து அரைமணித்தியாலம் நடக்க முடியுமாயின் நீர் பாய்ச்சுதல், காவல் பார்த்தல் போன்ற வேலைகளை ஆரம்பிக்கலாம். குனியும் வேலையைப் பின்னர் அரைமணித்தியாலமாகத் தொடங்கி நாளுக்குநாள் கூட்டுக. பாரம் தூக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்க. இடுப்புப்பட்டியை முதற் சில நாட்களுக்கு அணிவதால் தீங்கில்லையாயினும், அதனை நம்பிப் பெரும்பாரம் தூக்குவது பேதைமை.

முழங்காலை மடக்கித் தூக்குக, முதுகை மடக்காதே என்று எங்கும் போதிக்கின்றனர். சுமையை உடலோடு அணைத்தல் நன்று என்பதைத் துலாக்கணக்கிலே கண்டோம். எனினும், தூக்கும் முறையைப் போதிப்பதனால் மாத்திரம் நாரி நோவு குறைந்ததாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. எனது அபிப்பிராயத்தில், கமக்காரருக்குப் பயன்தருவது சுமையையே குறைத்தல். ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனம் 1991 இல் வகுத்த கணக்கின்படி, மிகவும் வசதியான நிலையிலும் ஒருவர் கையாலே தூக்கத்தக்க சுமை 23 கிலோகிராம். எமது உரப்பை 50 கிலோகிராம். அதனை இருவர் தூக்குவது வெட்கமன்று. வண்டிலிலிருந்து தோளுக்கு எடுக்கலாம். நிலத்திலிருந்து தனியாக எடுக்கலாகாது. வயலோரத்திற் பையைப் பிரித்து இரண்டு கடகங்களிலே கொண்டுசென்றால் நேரம் பத்து நிமிடம் கூடலாம். நெல்லுச் சாக்கையும் வாய்வரை அடையாது, தூக்குவோரின் பலமறிந்து நிரப்புக.

முதுகிற் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவி நிறைந்தபின் ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறுக்கும். அதனை நிலத்தில் வைத்து நிரப்பி, குனிந்து திருகி முதுகில் ஏற்றும்போதே பலருக்கு நாரி பிடிக்கின்றது. இடுப்பளவு உயரமான மரக்குற்றியோ மேடையோ கிணற்றடியில் அமைத்து, அதன்மேல் வைத்து நிரப்பி, நின்றபடியே தோள்வாரை மாட்டிக்கொள்க. இரு வாரும் ஒரே நீளமாயிருத்தல் வேண்டும். தூர இடங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றரே போதும்.

நாற்று நடுகையிலும் கைக்களையெடுப்பிலும் குனிதல் தவிர்க்க முடியாதது. வரிசையாக நடப்பட்ட வயலிலே தள்ளிச் செல்லும் களைகட்டும் கருவியை உபயோகித்தால் நின்றபடியே வேலை நடக்கும். வரிசை நடுகையின் இந்நன்மையை விளைச்சலைப் பற்றிப் பேசும்போது நாம் கூற மறந்துவிடுகின்றோம். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களிற் களையெடுப்போர் பலகைக்கட்டையில் இருந்து செய்வதும், அரைமணித்தியாலத்திற்கு ஒருமுறை எழுந்து இரு கைகளையும் நாரியில் வைத்துப் பின்னே நாலைந்து முறை வளைவதும் நோவைக் குறைக்கும். கூலியாட்கள் அவ்வாறு எழுந்து நிற்பதைக் கண்டு முகஞ்சுளிப்போர், பின்னேரத்தில் அவர்கள் கைகள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றனவென்று ஒருநாள் கவனித்துப் பார்க்கலாம். காலை எழுந்ததும் குனியும் வேலைகளை முதல் ஒரு மணித்தியாலத்திற்குத் தள்ளிவைத்து, மாட்டுக்கு நீர் காட்டுதல், வரம்பு சுற்றிப் பார்த்தல் போன்றவற்றை முதலிற் செய்க.

ஒருமுறை பிடித்த நாரி ஓராண்டிற்குள் மீண்டும் பிடிப்பது மிகச் சாதாரணம். 2024 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆராய்ச்சியொன்று இதற்கு எளிய பரிகாரம் காட்டியது. நோவு நீங்கிய 701 பேருள் ஒரு பகுதியினருக்கு, கிழமையில் ஐந்து நாள் அரைமணித்தியாலம் நடப்பதைப் படிப்படியாகப் பழக்கினர். நடந்தோருக்கு நோவு திரும்பிவர இடைநிலையாக 208 நாட்கள் சென்றன. நடவாதோருக்கு 112 நாட்களே. நாள் முழுவதும் வயலிற் பாடுபடுவோருக்கு நடை எதற்கென்று கேட்கலாம். சேற்றிலே குனிந்து பின்னோக்கி அடியெடுத்து வைப்பது வேறு, நிமிர்ந்து கைவீசி நடப்பது வேறு. தோட்டத்திற்கு மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவர் திரும்பிவரும்போதேனும் அதனை மகனிடம் கொடுத்துவிட்டு நடந்து வரலாம்.

மண்வெட்டிப் பிடியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கடையில் வாங்கும் பிடி எல்லா உயரத்தாருக்கும் ஒரே நீளமானது. நெடிய ஆள் குட்டைப் பிடியாற் கொத்தினால் ஒவ்வொரு கொத்துக்கும் கூடுதலாகக் குனியவேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது மேற்கை பிடிக்குமிடம் இடுப்புக்குச் சற்று மேலே வரத்தக்கதாக, வைரமான மரத்திற் புதிய பிடியொன்றைத் தச்சரிடம் கூறிச் செய்வித்துக் கொள்ளலாம்.